டீச்சர் பதில்கள்: குரங்கு, ஆதாம், எருமை வால்

(ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் கொடைக்கானலிலிருந்து எழுதும் பகுதி)

கேள்வி: பையன் பத்தாவது படிக்கிறான். அறிவியல் புத்தகத்தில் மனிதன் பரிணாமத்தில் வந்தவன் என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் பாஸ்டர், 'கர்த்தர் ஆதாமை மண்ணால் உண்டாக்கினார், மற்றதெல்லாம் பொய்' என்கிறார். 'பரீட்சையில் எதை எழுதட்டும்மா?' என்று கேட்கிறான். என்ன சொல்ல?
- ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள் அம்மா. மார்க் அதற்குத்தான்.

அவன் கேட்பது மார்க்குக்காக மட்டும் இல்லை என்று தெரிகிறது. நான் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு பூசை தவறவிடுவதில்லை, திங்கட்கிழமை வகுப்பில் டார்வினையும் தவறவிட்டதில்லை. எங்கள் ஃபாதர் யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவைத் தருவது மட்டும் கடவுள் என்று 1950இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதிவிட்டார். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகமாக இருந்த காலம் போய்விட்டது என்ற பொருளில் இன்னும் ஒரு படி மேலே போனார். எனக்குத் தொல்லை வந்தது வேறு பக்கமிருந்து. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், 'அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் வீட்டில் படித்துக்கொள்ளட்டுமே, எதற்கு வம்பு' என்றார்கள். பக்தியால் அல்ல, பயத்தால்.

போப்பாண்டவர் சொன்னால் உங்கள் பாஸ்டருக்கு என்ன வந்தது என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரி, ஆதியாகமத்தையே எடுங்கள். முதல் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் பையனை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் செடி கொடிகள், பறவைகள், மிருகங்கள் எல்லாம் வந்த பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களா? எது முந்தி, எது பிந்தி என்று அட்டவணை போடுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்டர் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கும் சொல்லியிருப்பார். அந்த எண் வேதத்தில் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650 வாக்கில் வம்ச வரிசைகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். நீலகிரியின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

ஒன்று மட்டும். பாஸ்டர் பொய் சொல்கிறார் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு உயிரியல் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னை மேடையில் ஏற்றிப் பிரசங்கம் செய்யச் சொன்னால் நானும் உளறத்தான் செய்வேன்.

கேள்வி: டீச்சர், மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், சில்வர் கேஸ்கேட் அருவியில் இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கு?
- பிளஸ் ஒன் மாணவர், பெருமாள்மலை

பதில்: தம்பி, இந்தக் கேள்வி வராத வகுப்பு எனக்கு வாய்த்ததே இல்லை. ஊரில் உன் பெரியப்பா மகன் நன்றாகத்தானே இருக்கிறார், அப்புறம் நீ எப்படிப் பிறந்தாய் என்று யாராவது உன்னைக் கேட்டார்களா? அவர் உனக்குப் பங்காளி. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். அந்தக் குரங்கும் நமக்குப் பங்காளிதான், தாத்தா இல்லை. அதுவும் எட்டாத் தூரத்துப் பங்காளி: பாகம் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. சிம்பன்சி கொஞ்சம் நெருக்கம், 60, 70 லட்சம் ஆண்டு. பிரிந்த பிறகு எல்லாக் கிளையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாட்டுக்குரங்கும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. நீ வாங்கின மக்காச்சோளத்தைப் பிடுங்கிக் கன்னத்தில் ஒரு பைக்குள் அடைத்துக்கொண்டு ஓடுகிறதே, அந்தப் பை நமக்குக் கிடையாது.

அடுத்த தடவை போனால், பொரி போடாமல், அதன் கையை மட்டும் பார். (பொரி போடக்கூடாது. போட்டுப் போட்டுத்தான் அது இப்போது கைப்பையைத் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.) பூனைக்கு இருப்பதுபோல் வளைந்த கூர் நகம் இருக்காது, உனக்கு இருப்பதுபோல் தட்டை நகம். உள்ளங்கையில் ரேகை. விரல் நுனியிலும் உன்னுடையதைப் போலவே மெல்லிய வரிகள். கடலைத் தோலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து உரிக்கும். ரோமத்தை மறந்துவிட்டு அந்தக் கையை மட்டும் பார்த்தால், கூலி வேலை செய்து காய்த்துப்போன ஒரு கிழவியின் கை.

கண்ணுக்குத் தெரியாத சாட்சியும் ஒன்று உண்டு. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது, அந்தக் குரங்காலும் முடியாது. இரண்டு பேரும் பழம் தின்றுதான் ஆக வேண்டும். அதற்கான மரபணு இல்லாமல் இல்லை, இரண்டு பேரிடமும் இருக்கிறது, பழுதாகிக் கிடக்கிறது. ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாகப் படைத்தவர், கெட்டுப்போன ஒரே சாமானை இரண்டு பேருக்குள்ளும் எதற்காக வைக்க வேண்டும்? வகுப்பில் இதைக் கேட்டு நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஒரு உயிர் இன்னொன்றாக மாறியதை யாராவது கண்ணால் பார்த்தார்களா? பார்க்காததை எப்படி நம்புவது?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் வீட்டுப் பக்கம் சோலை ஓரத்தில் தவிட்டுப்பழம் பழுக்கும் காலத்தில் ஒரு பறவைக் கூட்டம் வந்து கெக்கெக்கே என்று சிரிக்குமே, சிரிப்பான். அங்கே அதற்கு மார்பும் வயிறும் செம்பழுப்பு. எங்கள் கொடைக்கானலிலும் சிரிப்பான் உண்டு. அதே சிரிப்பு, அதே சேட்டை, கண்ணுக்கு மேல் அதே வெள்ளைக் கோடு. மார்பு மட்டும் சாம்பல். இரண்டுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலம். குளிர்ந்த சோலையிலேயே வாழ்ந்து பழகிய பறவை அந்த வெயிலில் இறங்கி ஏறாது. அந்தப் பக்கம் தங்கியது ஒரு மாதிரியும், இந்தப் பக்கம் தங்கியது இன்னொரு மாதிரியும் ஆகிவிட்டன. மரபணுவைப் படித்தவர்கள் 2017இல் இவற்றுக்கென்று மான்டிசிங்க்லா என்று ஒரு தனிப் பேரினமே வகுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பேரினம் கிடையாது. எங்கள் ஊர்ப் பறவையின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்று ஓர் அமெரிக்கப் பாதிரியார் இருக்கிறார். அவர் இங்கே பிடித்துக் கொடுத்த பறவையைப் பார்த்துத்தான் 1869இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

'மாறினாலும் பறவை பறவையாகத்தானே இருக்கிறது' என்பீர்கள். நியாயம். அப்படியானால் மனிதனுக்கே வருவோம். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் நமக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24. பொதுவான மூதாதை இருந்தது உண்மையானால், ஒரு ஜோடி தொலைந்திருக்க முடியாது, தொலைந்தால் உயிர் தங்காது. நம் வழியில் எங்கோ இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற ஒரு டி.என்.ஏ. எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும், முனைக்கு அதுதான் அடையாளம். நம் இரண்டாவது குரோமோசோமின் உள்ளே, இருக்கத் தேவையே இல்லாத இடத்தில், இரண்டு டெலோமியர்கள் முட்டிக்கொண்டு நிற்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லைதான். ஆனால் இங்கே தேடு, இது கிடைக்கும் என்று சொல்லித் தேடினார்கள், கிடைத்தது. கண்ணால் பார்த்த சாட்சி கோர்ட்டில் பிறழ்ந்து பேசுவதை நாம் தினமும் பேப்பரில் படிக்கிறோம். எனக்கு இந்தச் சாட்சி போதும்.

கேள்வி: அமெரிக்கா போன்ற படித்த நாட்டில் இதற்குப் போய் ஏன் கோர்ட் வரை போகிறார்கள்?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பள்ளிக்கூடம் யார் கையில் என்பதுதான் அங்கே சண்டை. 1925இல் டென்னசி மாநிலத்தில் ஸ்கோப்ஸ் என்ற வாத்தியாருக்குப் பரிணாமம் நடத்தியதற்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை நீக்க 1967 ஆயிற்று. பிறகு, தடுக்க முடியாவிட்டால் பக்கத்தில் இன்னொன்றையும் வை என்று ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரில், உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றது பள்ளி நிர்வாகம். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பரில் தீர்ப்பு: அது அறிவியல் அல்ல, வேறு உடுப்பு மாட்டிய மத போதனை. தீர்ப்பு எழுதியவர் ஜனாதிபதி புஷ் நியமித்த நீதிபதி.

சிரிக்க வேண்டாம். 2023இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தைத் தூக்கியபோது நம் நாட்டில் எந்தக் கோர்ட்டுக்கும் வேலை வைக்கவில்லை, பாடச்சுமை குறைப்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் படிப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு அந்த ஒரு பாடம்தான் இருந்தது.

கேள்வி: நீலகிரித் தோடர்கள் எருமையோடு சேர்ந்து பூமியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் கணக்கில் அதுவும் மூடநம்பிக்கையா?
- ஒரு வாசகி, எமரால்டு

பதில்: ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோடர்களிடம் கேட்டு எழுதி 1906இல் வெளியிட்ட கதை அது. ஓன் என்ற தெய்வமும் அவர் மனைவியும் உங்கள் குந்தா மலை உச்சிக்குப் போகிறார்கள். ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தி, பூமிக்குள்ளிருந்து எருமைகளை வரவழைக்கிறார்கள். ஓன் பக்கம் 1,600, மனைவி பக்கம் 1,800. ஓனுடைய கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வெளியே வருகிறான். அவன்தான் முதல் தோடன். அவன் விலா எலும்பு ஒன்றை எடுத்து ஓன் முதல் பெண்ணை உண்டாக்குகிறார். (பண்ணைக்காட்டு அம்மா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.)

எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆதியாகமத்தில் மனிதனுக்காக மிருகங்கள் வருகின்றன. இங்கே எருமை கூட்டிக்கொண்டு வந்ததால் மனிதன் வந்தான். பால்மனையையே கோயிலாக வைத்திருக்கும் ஜனங்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? இதை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஊட்டியில் எந்தத் தோடரும் விலங்கியல் புத்தகத்தில் எருமைவால் பாடத்தைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. விலங்கியல் என்று சொல்லிக்கொண்டு ஒரு கதை வகுப்புக்குள் வந்தால், டெலோமியருக்கு நான் கேட்ட அதே கேள்விகளை அதற்கும் கேட்பேன்: எங்கே தேடட்டும், என்ன கிடைக்கும்? அது தோடர் கதையானாலும் சரி, பாஸ்டர் கதையானாலும் சரி, நம் புராணத்துத் தசாவதாரத்தைப் பரிணாமத்துக்குப் பொழிப்புரையாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதுவானாலும் சரி.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் கல்திட்டைகள் குள்ளர்கள் கட்டியவை என்கிறார்கள். அவர்கள்தான் ஆதிமனிதர்களா?
- ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: இல்லை. கல்திட்டை வீடு அல்ல, இறந்தவர்களுக்காக எழுப்பியது. அதனால்தான் அவ்வளவு சிறிது. கட்டியவர்கள் இரும்புக்கால மக்கள், உங்களையும் என்னையும் போன்ற முழு மனிதர்கள். ஆதிமனிதர் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் மலையிறங்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் இனம் தோன்றியே மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது. ஆக, அதைச் செதுக்கியது நமக்கு முந்தைய ஒரு மனித இனம். எலும்பு கிடைக்கவில்லை, கல்தான் கிடைத்திருக்கிறது. நாட்டில் முதன்முதலாக இப்படிப்பட்ட கல்லாயுதத்தை அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல், பல்லாவரத்தில். அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல் ஒரு பாதிரியார், ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஆசை.

ஃபூட் சேகரித்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. கல்திட்டை மேல் ஏறி நின்று போட்டோ எடுக்க மட்டும் விடாதீர்கள்.