திரும்பி விழுந்த வள்ளம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படித்தபோது, 2008 வாக்கில், கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களைப் பேனா மையால் வரைந்திருந்தேன். அதை இப்போது லினோ பதிப்பாக, அதாவது லினோலியம் பலகையைச் செதுக்கி மை தடவித் தாளில் அச்செடுக்கும் படமாக, மாற்றிப் பார்த்தேன். ஒரு நிறத்தை அடித்தபின், அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே பலகையால் அடுத்த நிறத்தை அடிக்கும் முறை. மஞ்சள், நீலப்பச்சை, கறுப்பு என்று மூன்று எண்ணெய் மைகள், மொத்தம் பத்துத் தாள். வள்ளத்தின் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிட்டது. மெல்லிய கோடுகளை மை அடைத்துவிட்டது. நீலப்பச்சை சில தாள்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. கறுப்பு திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

வாசகி, தூத்துக்குடி

வணக்கம்.

பலகையை வேண்டுமானால் போடுங்கள், தாள்களைப் போடாதீர்கள். மூன்றாவது நிறம் அடித்து முடித்த பலகையில் மிஞ்சியிருப்பது கறுப்புப் பகுதி மட்டும்தான். மஞ்சளும் நீலப்பச்சையும் எங்கே இருந்தன என்பதற்கு அந்தப் பத்துத் தாள்களே சாட்சி.

முதலில் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பி, நிறம் விலகியதைப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் கோளாறு பலகை உட்கார்ந்த இடத்தில். இரண்டாம் நாள் அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு திசையில் விலகியிருந்தால் தாளை வைத்த கை காரணம். ஒரு ஓரத்தில் பொருந்தி எதிர் ஓரத்தில் மட்டும் விலகியிருந்தால் தாள் சற்றே திரும்பியிருக்கலாம், இல்லையென்றால் நீண்டோ சுருங்கியோ இருக்கலாம். முதல் நிறத்தை ஈரத்தாளிலும் இரண்டாவதை உலர்ந்த தாளிலும் அடித்தால் கட்டாயம் இப்படித்தான் ஆகும். கையால் தேய்த்து எடுக்கும் லினோவுக்கு மெல்லிய தாளை உலர்வாகவே பயன்படுத்துங்கள்.

1958இல் பிக்காசோ, பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் இளைய கிரானாக் வரைந்த பழைய உருவப்படம் ஒன்றை லினோவில் மறுபடி செய்தபோது நிறத்துக்கு ஒரு பலகை வைத்தார். அத்தனை பலகைகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது பெரும்பாடு. அதன்பிறகுதான் நீங்கள் செய்த ஒற்றைப் பலகை முறைக்குப் போனார். பலகைகள் தங்களுக்குள் பொருந்தாமல் போகும் தொல்லை இதில் இல்லை. தாளைச் சரியாக வைக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு பிளைவுட் துண்டு போதும். லினோ 3.2 மி.மீ. தடிமன் என்றால் அதே தடிமனுள்ள அட்டைப் பட்டைகள் இரண்டை 'ட' மாதிரி ஒட்டுங்கள். பலகையின் மூலை அதில் முட்டி உட்காரட்டும். தாளின் மூலைக்கும் ஓரத்துக்கும் தனியாகத் தடுப்புகள் ஒட்டுங்கள். தாளின் அதே மூலையை எப்போதும் அங்கேயே வைக்க, அந்த மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி.

கறுப்பையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வெளுத்திருந்தால் அங்கே பலகை பள்ளமாக இருக்கிறது. அடியில் மெல்லிய தாள்துண்டு ஒட்டினால் தீரும். அடியிலுள்ள மஞ்சளும் நீலப்பச்சையும் தடித்துப் பளபளக்கும் இடங்களில் கறுப்பு பிடிக்கவில்லை என்றால் புது மை அந்தப் படலத்தில் வழுக்குகிறது. முதல் இரண்டு நிறங்களை இன்னும் மெல்லியதாக அடியுங்கள். நிறம் வெளுக்க வேண்டுமானால் மையில் நிறமற்ற எக்ஸ்டெண்டர் கலக்கலாம். மையைக் கூட்டுவதோ குறைப்பதோ அதற்கு வழியல்ல. உலர்த்தும் மருந்தை அதிகம் ஊற்றினாலும் இதே வழுக்கல்தான்.

கோடு அடைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் மை அதிகம். மை பரப்பும் கண்ணாடித் தட்டின்மேல் ரோலர் ஓடும்போது காதைக் கொடுங்கள். பட்டுத்துணி உரசுவதுபோல மெல்லிய சீறல் கேட்டால் அளவு சரி. சப்புச்சப்பென்று ஒட்டிப் பிரிந்து, மையின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பாதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் வெயிலில் மை இளகவும் செய்யும். சிறிது மக்னீசியம் கார்பனேட் தூள் சேர்த்துப் பிசைந்தால் கெட்டிப்படும். ஏற்கெனவே அடைத்துக்கொண்ட பலகையைச் செய்தித்தாளில் இரண்டு முறை ஒற்றி எடுத்தால் பள்ளங்கள் திறக்கும்.

ஆனால் மையைச் சரிசெய்தாலும் அந்தக் கோடுகள் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம். பேனாவால் ஒரே இழுப்பில் வந்த கோட்டை லினோவில் நிறுத்த, இரண்டு பக்கமும் செதுக்கி நடுவில் ஒரு மெல்லிய வரப்பை விட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நிழல் போட்ட இடத்தில் அந்த வரப்புகள் உடையும், மையும் தேங்கும். பழைய படத்தைக் கோடு கோடாகப் பெயர்த்ததுதான் அடிப்படைத் தவறு என்பேன். படத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் தடித்த தூரிகையால் வெள்ளை, நடுச்சாயல், கறுப்பு என்று மூன்றே பரப்புகளாகப் பிரியுங்கள். வள்ளத்தின் அடிவயிற்று நிழலை முழுக் கறுப்பாக விட்டு, அதற்குள் 'வி' உளியால் வெள்ளைக் கோடுகளை எடுங்கள். உளிக்கு இயல்பாக வருவது வெள்ளைக் கோடுதான்.

செதுக்கியதை அழித்துத் திருத்தும் விஷயத்தில், அச்சுக்குப் பயன்படும் செம்புத் தகடு தாராளமானது. டச்சுக் கலைஞர் ஹெர்குலஸ் செகர்ஸ் செதுக்கிய 'தோபியாவும் தேவதூதரும்' தகடு பிறகு ரெம்பிராண்டின் கைக்கு வந்தது. 1653 வாக்கில் அவர் பெரிய உருவங்களைச் சுரண்டித் தேய்த்து நீக்கிவிட்டு, அங்கே மரங்களையும் எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பத்தையும் செதுக்கினார். தேவதூதரின் சிறகு முழுதாக அழியவில்லை. மரங்களுக்கிடையே அதன் தடம் இன்றும் தெரிகிறது. லினோவில் வெட்டியது வெட்டியதுதான். சின்னச் சறுக்கல் என்றால் எம்-சீல் என்ற இறுகும் பசையைப் பிசைந்து அடைத்து, இறுகியபின் 400 எண் உப்புத்தாளால் மட்டமாகத் தேய்த்து மறுபடி செதுக்கலாம். ஒரு நிறத்தையே திரும்பக் கொண்டுவர எம்-சீல் உதவாது.

இனி, திரும்பி வந்த பெயர். பத்தில் அதிகம் விலகாத ஒரு தாளைத் தேர்ந்தெடுங்கள். புதிய லினோவில் முதலில் நீர்த்த செம்மண் நிற அக்ரிலிக்கைப் பூசிக் காயவிடுங்கள். செதுக்கிய இடம் பளிச்சென்று தெரியும். அதன்மேல் கார்பன் தாளின் மைப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, அதற்குமேல் உங்கள் தாளைப் படம் மேலே தெரியும்படி ஒட்டி, மூன்று நிறங்களின் எல்லைகளையும் இழுங்கள். எழுத்து திரும்பி வந்த அந்தத் தாளைப் புரட்டவே வேண்டாம், அப்படியே பலகைக்கு ஏறட்டும். அச்சடிக்கும்போது பெயர் நேராக விழும். நிழல்களுக்கு மட்டும் தூரிகைப்படத்தை, டிரேசிங் தாளில் எடுத்துப் புரட்டி, அதே எல்லைகளுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் கோடு ரோலரில் கலையாமலிருக்க, நீரில் கரையாத இந்தியன் இங்க்கால் மேலே ஒருமுறை வரையுங்கள். மார்க்கர் வேண்டாம். சிலவற்றின் சாயம் மஞ்சளில் ஊறி வரும்.

இம்முறை முதல் நிறத்துக்கே பதினான்கு தாள் வையுங்கள். மஞ்சளைச் செதுக்கிவிட்டால் இன்னொரு தாள் சேர்க்க முடியாது.