பழைய மாருதி ஆம்னி வேனின் ஐடில் கோளாறுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1996-ஆம் ஆண்டு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் பாகம்) ஆம்னி. எஞ்சின் சூடானபின் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்திருந்தால் ஓடுகிறது. ஐடில் ஸ்க்ரூவை (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகமான ஐடிலை மாற்றும் திருகு) ஏற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். மிதித்தால் ஓடி, விட்டால் அணையும் எஞ்சினில், ஐடிலுக்கென்று கார்புரேட்டருக்குள் இருக்கும் தனிப்பாதை அடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். காலையில் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்கும் அமைப்பு) ஐடிலை உயர்த்திப் பிடித்திருப்பதால் குறை தெரியாது. சோக்கை உள்ளே தள்ளி அணைத்த பிறகே வெளிப்படும். அந்தப் பாதைக்குப் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, கிளீனர் தெளித்து, ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதன்பின் எந்த டியூனிங்கும் நிலைக்காது. கார்புரேட்டரில் ஐடில் சாலினாய்டு (மின்சாரத்தால் அந்தப் பாதையைத் திறக்கும் வால்வு) இருந்தால், சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து 'டிக்' ஒலி வர வேண்டும். வராவிட்டால் 12 வோல்ட் அதுவரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் சிலிண்டருக்கொரு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) ஆம்னியில் ஐடில் ஏறி இறங்கி ஊசலாடுகிறது. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: ஈசியூவைக் குறை சொல்வது எளிது, மாற்றுவதோ செலவு, அது கடைசியில் பார்க்க வேண்டியது. எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் மூடியிருந்தும் விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ் வழியாகவோ மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) கேஸ்கட் வழியாகவோ காற்று நுழைந்தால் ஐடில் உயர்கிறது. கால் எடுத்த பிறகும் வேகம் அதிகமாக இருப்பதைக் கண்ட ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மீண்டும் தருகிறது. நீங்கள் காணும் ஊசலாட்டம் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேனிஃபோல்ட் பக்கத் துளையை அடைத்து, எந்த நிலையில் ஐடில் அடங்குகிறது என்று பாருங்கள். லீக் இல்லையென்றால் ஐடிலுக்கான காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வில் படிந்த கரியைத் துடையுங்கள். சூடான எஞ்சின்மீது கிளீனர் தெளித்து லீக் தேடும் பழக்கத்தை, முன்இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள இந்த வண்டியில் நான் பரிந்துரைப்பதில்லை. தீப்பிடித்தால் இருக்கையில்தான் முதலில் பற்றும்.

கேள்வி: ஐடிலில் வண்டியே குலுங்குகிறது.

பதில்: 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினில் சிறிது அதிர்வு இயல்பே. புதிதாகக் கூடியிருந்தால் எஞ்சின் மவுண்ட் ரப்பரை முதலில் பாருங்கள். அது சரியென்றால், எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டர்களைச் சிலிண்டர் வாரியாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதில் பிளக், பிளக் வயர், இன்ஜெக்டர் மூன்றும் சரியாக இருந்தால், டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) சரிசெய்த பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்து பார்க்க வேண்டும்.