பைத்தானில் "கிருஷ்ணமூர்த்தி" 15 எழுத்தாக எண்ணப்படுவது ஏன்?

உங்கள் படிவம் பெயருக்கு 10 என்று வரம்பு வைத்து இந்தப் பெயரை வெட்டிவிட்டது என்கிறீர்கள். நீளத்தை லென் (பைத்தானில் நீளம் சொல்லும் செயற்கூறு) கொண்டு எண்ணாதீர்கள். யூனிகோடுடேட்டா தொகுதியின் கேட்டகரி செயற்கூறிடம் பெயரிலுள்ள ஒவ்வொரு யூனிகோடு குறியையும் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) கொடுங்கள்; அது குறியின் வகையைச் சொல்லும். விடை எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால், அது முந்தைய எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறியோ புள்ளியோதான்; அந்தக் குறியை எண்ணாமல் விடுங்கள். கிருஷ்ணமூர்த்திக்கு 8 கிடைக்கும்.

லென் எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறிகளை. "கி" என்பது க, அதையடுத்து இகரக் குறி, ஆக இரண்டு. புள்ளியும் தனிக் குறிதான். உங்கள் படிவத்தின் 10 என்ற வரம்பு அந்தப் பெயரைக் "கிருஷ்ணமூர" என்று வெட்டியதற்கு இதுவே காரணம். ஒருவருடைய பெயரை இப்படிச் சிதைத்துச் சேமிப்பது சிறிய பிழை அல்ல. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அடுத்த குறி எம் வகையாக இல்லாத இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

சோதிக்க, "தமிழ்" என்ற சொல்லை லிஸ்ட்டாக மாற்றி அச்சிடுங்கள். ஐந்து உறுப்புகள் வரும். மேலே சொன்ன முறையில் நீங்கள் எழுதும் புதிய செயற்கூறு 3 என்று சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம்: "க்ஷ", "ஸ்ரீ" இரண்டையும் இந்த முறை இரண்டிரண்டாக எண்ணும். அவற்றை ஒன்றாகக் கொள்ள விரும்பினால், எண்ணும் முன் தனியாகப் பிடியுங்கள். ஸ்ரீதர், லக்ஷ்மி போன்ற பெயர்கள் நிச்சயம் வரும்.

பெயர்களை ஒப்பிடும் இடமும் இருந்தால், முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்; திரையில் வேறுபாடு தெரியாது.