ஐஇசி (காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி) முதல்லயா, பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) பர்மிஷன் முதல்லயா? ஒரு பிஜி டாக்டரோட கேள்விக்கு பதில்

எம்டி கம்யூனிட்டி மெடிசின் முதல் வருஷம் படிக்கிற ஒரு டாக்டர் கேட்டிருக்காங்க: "ரெண்டு பிஎச்சியில சுகர் பேஷண்ட்ஸ் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு தீசிஸ் பண்றேன், கேள்வித்தாள், கூடவே ஒரு எச்பிஏ1சி டெஸ்ட் (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்). கைடு எத்திக்ஸ் கமிட்டிக்கு முதல்ல போங்கறார், எச்ஓடி (துறைத் தலைவர்) டிபிஎச் (பொது சுகாதார டைரக்டரேட்) பர்மிஷன் வாங்கிட்டு வாங்கங்கறார், சீனியர் ஒருத்தர் கேள்வித்தாளுக்கெல்லாம் எத்திக்ஸே வேண்டாம்ங்கறார். இதுக்குள்ள 40 பேர்கிட்ட பைலட்டா டேட்டா எடுத்து முடிச்சிட்டேன். இப்ப என்ன பண்றது?"

முதல்ல அந்த 40 பேர் விஷயம், ஏன்னா மத்ததெல்லாம் அப்புறம் சரி பண்ணிக்கலாம். அந்த டேட்டாவை தீசிஸ்ல சேர்க்காதீங்க. பைலட்டுன்னு பேர் வச்சாலும் அதுவும் ரிசர்ச்தான், ஒரு ஆளை உக்கார வச்சு அவங்க நோயைப் பத்தி கேட்டு பேப்பர்ல எழுதிட்டோம் இல்லையா, அதுக்கு முன்னாடியே அப்ரூவல் இருந்திருக்கணும். முடிஞ்சுபோன வேலைக்கு பின்னாடி வந்து எந்த கமிட்டியும் அப்ரூவல் தராது. தேதியை மாத்தி போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அது உங்க டிகிரியையே காவு வாங்கிடும். இன்னைக்கே கைடுகிட்ட உண்மையை சொல்லுங்க, ஐஇசி மெம்பர் செக்ரட்டரிக்கு நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. நான் கமிட்டியில உக்காந்து பாத்த வரைக்கும், தானா வந்து சொன்ன ஸ்டூடண்டை யாரும் கடிச்சுத் தின்னதில்ல, மறைச்சு மாட்டினவங்கதான் கஷ்டப்பட்டாங்க. ரத்தம் எடுத்திருந்தீங்கன்னா ரிசல்ட்டை அந்தந்த பேஷண்டுக்கு கண்டிப்பா சொல்லிடுங்க, அது அவங்களோடது.

சீனியர் சொன்னது பாதி கேட்டுட்டு சொன்ன மாதிரி இருக்கு. ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 எத்திக்ஸ் கைட்லைன்ஸ்ல ரிவ்யூவில இருந்து விலக்குன்னு ஒண்ணு இருக்கறது நிஜம், பொதுவெளியில கிடைக்கிற, ஆள் யாருன்னே தெரியாத டேட்டா மாதிரி விஷயங்களுக்கு. ஆனா விலக்கு உண்டா இல்லையான்னு முடிவு பண்றது கமிட்டி, நீங்களோ கைடோ இல்ல. உங்க ஸ்டடியில பேர் தெரிஞ்ச பேஷண்ட், ஊசி, ரத்தம் எல்லாம் இருக்கு, அதனால விலக்குக்கு வாய்ப்பே இல்ல. ரிஸ்க் ரொம்ப கம்மின்னு பட்டா எக்ஸ்பெடைட்டட் ரிவ்யூல சின்ன சப்கமிட்டியே பாத்துடலாம், இல்லைன்னா ஃபுல் கமிட்டி. அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி உங்க காலேஜ் ஐஇசி டிஎச்ஆர்ல (மத்திய அரசோட ஹெல்த் ரிசர்ச் துறை) ரிஜிஸ்டர் ஆகி ரிஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கான்னும் கேட்டுக்குங்க, 2019-ல வந்த புது மருந்து, க்ளினிக்கல் ட்ரையல் ரூல்ஸ்க்கு அப்புறம் ஹெல்த் ரிசர்ச் பாக்குற கமிட்டிக்கு அது கட்டாயம்.

இப்ப கைடா எச்ஓடியாங்கற சண்டை. ரெண்டு பேர் சொல்றதும் சரி, ஆனா ரெண்டும் வேற வேற கேள்வி. ஐஇசி பாக்குறது பேஷண்டுக்கு நியாயமா நடக்குதான்னு, பிஎச்சி யார் கையில இருக்கோ அந்த டைரக்டரேட் பாக்குறது அங்க ஓபி நடக்கிற நேரத்துல நீங்க வந்து உக்காரலாமா, ரெஜிஸ்டரைத் தொடலாமான்னு. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்னு ஆகாது. டைரக்டரேட்ல ஐஇசி லெட்டர் கேப்பாங்க, ஐஇசியில சைட் பர்மிஷன் (ஸ்டடி நடக்கிற இடத்தோட அனுமதி) கேப்பாங்க, பலரும் இந்த இடத்துலதான் மாசக்கணக்கா சுத்துறாங்க. வழக்கமா வேலைக்கு ஆகுற வழி என்னன்னா, காலேஜ்ல சயின்டிஃபிக் கமிட்டியில ப்ரோட்டோகால் பாஸ் ஆனதும் டிபிஎச்சுக்கு டீன் வழியா லெட்டர் போட்டுட்டு அந்த காப்பியை வச்சே ஐஇசிக்கு அப்ளை பண்ணுங்க, சைட் பர்மிஷன் வந்தப்புறம்தான் ஆரம்பிக்கணும்னு ஒரு கண்டிஷனோட அப்ரூவல் கொடுங்கன்னு கவரிங் லெட்டர்லயே கேளுங்க, ஐஇசி அப்ரூவல் லெட்டர் கைக்கு வந்ததும் டிபிஎச்ல சேத்துடுங்க. தாலுகா ஆஸ்பத்திரின்னா டைரக்டரேட் வேற, ஸ்கூல்னா சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க. மெடிக்கல் ஆபீசர் சரின்னு கையெழுத்து போட்டுட்டா பேஷண்டும் சரின்னுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. 2009-ல, அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துல பொண்ணுங்களுக்கு எச்பிவி (கர்ப்பப்பை வாய் கேன்சரைத் தடுக்கிற) தடுப்பூசி போட்ட ப்ராஜெக்ட்ல நிறைய கன்சென்ட் (சம்மத) ஃபார்ம்ல அம்மா அப்பாவுக்கு பதிலா ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து இருந்தது, 2010-ல ப்ராஜெக்ட்டே நின்னு போச்சு, 2013-ல பார்லிமென்ட் கமிட்டி ரிப்போர்ட் கடுமையா எழுதுச்சு. இதை எப்ப நினைச்சாலும் எனக்கு மனசு ஆறாது.

அதனால நேரத்தை அதிகமா செலவு பண்ண வேண்டியது தமிழ் தகவல் தாள்லதான். ஐஇசியில திரும்பி வர்ற ஃபைல்ல பெரும்பாலும் பிரச்சனை அங்கதான் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதி மெஷின்ல போட்டு எடுத்தா "இவ்வாய்வில் தங்களின் பங்கேற்பு தன்னார்வமானது"ன்னு வரும், ஓபி க்யூவில நிக்கிற அறுபது வயசு அம்மாவுக்கு அதுல என்ன புரியும்? "நீங்க சேரலாம், சேராமலும் இருக்கலாம், வேண்டாம்னு சொன்னாலும் மாத்திரை வழக்கம்போல கிடைக்கும்"னு எழுதுங்க. அந்த கடைசி வரி உங்க ஸ்டடிக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை வாங்குறவங்க, டாக்டரம்மா கேக்குறப்ப மாட்டேன்னா மாத்திரை நின்னுடுமோன்னு பயப்படுவாங்க, அந்த பயத்துல வர்ற சம்மதம் சம்மதமே இல்ல. மாத்திரை சாப்பிடலைன்னு உண்மையையும் சொல்ல மாட்டாங்க, உங்க ரிசல்ட்டும் தப்பாகும். முடிஞ்சா அவங்களுக்கு வைத்தியம் பாக்காத ஒருத்தர் கன்சென்ட் வாங்கட்டும். எவ்வளவு ரத்தம்னு எம்எல்ல எழுதாம "ஒரு ஸ்பூன் கூட இருக்காது"ன்னு சொல்லுங்க, டெஸ்ட் செலவு அவங்க தலையில விழாதுன்னும், சுகர் அதிகமா இருந்தா யார்கிட்ட அனுப்புவீங்கன்னும் இருக்கணும். எழுதி முடிச்சதும் படிப்பு கம்மியான ரெண்டு பேர்கிட்ட (உங்க ஹாஸ்டல் சமையல் அக்காகிட்டயே கூட) படிச்சு காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே திருப்பி சொல்லச் சொல்லுங்க. படிக்கத் தெரியாதவங்க கைரேகை வைக்கறப்ப உங்க டீம்ல இல்லாத, படிக்கத் தெரிஞ்ச ஒரு சாட்சி பக்கத்துல இருந்து கையெழுத்து போடணும், அதுக்கும் ஃபார்ம்ல இடம் விடுங்க.

கேள்வித்தாள்ல பேர், போன் நம்பர் வேண்டாம், கோட் நம்பர் போடுங்க, பேரும் கோடும் இருக்கிற லிஸ்ட்டை தனியா பூட்டி வைங்க. ஃபில் பண்ண ஃபார்மை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் க்ரூப்ல கைடுக்கு அனுப்புற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க.

அப்ரூவல் வந்ததும் சிடிஆர்ஐல (இந்தியாவோட க்ளினிக்கல் ட்ரையல் ரிஜிஸ்ட்ரி) ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, காசு கிடையாது, பிஜி தீசிஸும் எடுத்துக்குவாங்க, உங்க ஸ்டடி ட்ரையல் இல்லைன்னாலும் பின்னாடி ஜர்னலுக்கு அனுப்பறப்ப கை கொடுக்கும். ஆனா 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே பண்ணாத்தான் ஏத்துக்கறாங்க. நடுவுல மூணாவது பிஎச்சி சேர்க்கணும்னாலோ கேள்வித்தாள்ல ரெண்டு கேள்வி கூட்டணும்னாலோ சும்மா கூட்டிடாதீங்க, அமெண்ட்மெண்ட்னு ஐஇசிக்கு எழுதி லெட்டர் வந்தப்புறம் பண்ணுங்க.