வாசகர் கேட்டவை: வட பிரான்ஸின் கல் வீதிகளில் சைக்கிள்

கேள்வி: மே மாதம் பாரிஸில் அக்காவிடம் போகிறேன். பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை டிவியில் பார்த்ததிலிருந்து அந்தக் கல் பதித்த வீதிகளில் ஒரு தடவையாவது ஓடிப் பார்க்க ஆசை. நான் பந்தயக்காரி இல்லை, விடியற்காலையில் காலிமுகத்திடல் வரை ஓடிவிட்டுத் திரும்புகிறவள். என்னால் முடியுமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: முடியும், கட்டாயம் போங்கள். டிவியில் பார்க்கும்போது ஏதோ பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் போலத் தெரியும், ஆனால் அவை கிராமத்து விவசாய வீதிகள், பந்தயம் முடிந்த மறுநாளே உழவு இயந்திரங்கள் அதில்தான் போய்வரும். டிக்கெட் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய பகுதியின் பெயர் பெவேல். லீல் நகரத்துக்குத் தெற்கே தொடங்கி பெல்ஜிய எல்லை வரை போகிறது. கோதுமை, சீனிக்கிழங்கு, உருளைக்கிழங்கு வயல்கள், செங்கல் பண்ணை வீடுகள், ஊருக்கு ஊர் ஒரு தேவாலயக் கோபுரம். பெரும்பாலும் சமதரைதான், மோன்ஸ்-ஆன்-பெவேல் குன்றுகூட நூறு மீற்றரைக் கொஞ்சம் தாண்டிய உயரம், அவ்வளவே. அந்தக் குன்றடியில்தான் 1304இல் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பின் படையும் ஃபிளெமிஷ் படையும் மோதின.

போகும் வழி உங்களுக்கு இன்னும் சுகம். லீலுக்கான ரயில் பாரிஸ் வட நிலையத்திலிருந்து புறப்படும், அதாவது நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து நடந்து போகும் தூரம், காலையில் வடையும் பிளேன்டீயும் முடித்துவிட்டே ஏறலாம். வேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். லீலில் சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். நகரத்துத் தெருவோரங்களில் நிற்கும் வாடகை சைக்கிள் இதற்குச் சரிவராது, குறைந்தது 32 மில்லிமீற்றர் டயர் போட்டது வேண்டும், 40 என்றால் இன்னும் நல்லது, காற்றையும் வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். பிறகு லீலிலிருந்து வலன்சியன் பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி தாம்ப்லூவில் இறங்குங்கள்.

அங்கே வெர்தான் காற்றாலைக்குப் பக்கத்தில் உள்ள கல் வீதித் துண்டு வெறும் 500 மீற்றர்தான். முதலில் அதில் ஓடிப் பாருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், இறுக்கினால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேரே தோளுக்குத்தான் ஏறும். கொஞ்சம் கனமான கியரில், மிதிப்பதை நிறுத்தாமல், வீதியின் நடு மேட்டைப் பிடித்துப் போங்கள். மெதுவாகப் போனால் குலுக்கல் குறையும் என்று தோன்றும், உண்மையில் வேகம் குறையக் குறையத்தான் சைக்கிள் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். ஓரத்து மண் தடம் ஆசைகாட்டும், ஆனால் கூர்க்கற்கள் ஒதுங்குவதும் டயர் வெடிப்பதும் அங்கேதான். மழை பெய்திருந்தால் கல்லில் ஏறவே வேண்டாம், பக்கத்திலேயே தார் வீதி இருக்கும்.

அங்கிருந்து சிசுவான், பூவின் ஊர்கள் வழியாகப் போகலாம். பூவினில் அவசரப்படாதீர்கள். 1214 ஜூலை 27 அன்று இரண்டாம் பிலிப் அரசன், ஜெர்மானியப் பேரரசன் நான்காம் ஓட்டோவின் கூட்டணிப் படையைத் தோற்கடித்த இடம் அது, பிரான்ஸ் என்ற நாடு உருவான கதையில் தவிர்க்க முடியாத நாள். ஊர்த் தேவாலயத்தில் 21 வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அந்தப் போரைக் காட்சி காட்சியாகச் சொல்கின்றன, வெயில் உள்ள நேரம் உள்ளே போய் நின்று பாருங்கள். அப்புறம் காம்ஃபான் தாண்டினால் கார்ஃபூர் த லார்ப்ர், 2.1 கிலோமீற்றர் கல் வீதி, பந்தயத்தில் கஷ்டத்துக்கு அதிகபட்சமான ஐந்து நட்சத்திரம் கொடுத்த மூன்று துண்டுகளில் ஒன்று. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கடைசியில் ரூபே நகரத்தின் பழைய திறந்தவெளி சைக்கிள் ஓடுதளம், பந்தயம் முடிகிற இடம். எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்குள் அடங்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அங்கே வலப்பக்கமாக ஓட வேண்டும். சிறு சந்திகளில் வேறு பலகை எதுவும் இல்லாவிட்டால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. கொழும்பில் பழகிய கண் தானாகவே மற்றப் பக்கம்தான் பார்க்கும்.

கேள்வி: இவ்வளவு வசதியுள்ள நாடு இந்த மோசமான வீதிகளை ஏன் இன்னும் தார் போடாமல் வைத்திருக்கிறது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தார் போட்டார்கள், நிறையவே போட்டார்கள். பந்தயம் 1896இல் தொடங்கியபோது, ரூபேயின் ஆலை முதலாளிகள் இருவர் தங்கள் புதிய ஓடுதளத்துக்கு ஆள் சேர்க்கச் செய்த ஏற்பாடு அது, வழியில் கல் வீதி இருப்பது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை, அன்றைய வீதியே அதுதான். முதலாம் உலகப் போர் முடிந்து 1919இல் வழி பார்க்கப் போனவர்கள் குண்டுக் குழிகளையும் கருகிய மரங்களையும் பார்த்துவிட்டு எழுதியதில்தான் 'வடக்கின் நரகம்' என்ற பெயர் பிறந்தது. அந்தப் பெயர் போரின் அழிவுக்கு வந்தது, கற்களுக்கு அல்ல. இதை எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் போருக்குப் பிறகு வீதிகள் மளமளவென்று தாரானது. டிவி வந்ததும் நிலைமை இன்னும் மோசம், தங்கள் ஊர் இப்படியா ஊர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று நகரபிதாக்கள் கூச்சப்பட்டு மூடினார்கள். 1960களில் பந்தயத்துக்குக் கல் வீதி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. அப்போது ஜான் ஸ்தாப்லின்ஸ்கி என்ற முன்னாள் உலக சம்பியன், சின்ன வயதில் அரென்பேர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், அந்தக் காட்டுக்குள் ஒரு வீதி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். 1968இல் அது பந்தயத்தில் சேர்ந்தது, இன்றைக்கு உலகத்துச் சைக்கிள்காரர் அத்தனை பேருக்கும் தெரிந்த வீதி. அதன் அடியில் நிலக்கரி வெட்டியவர், மேலே பந்தயமும் ஓடியவர் அவர்.

இப்போது 'பாரிஸ்–ரூபேயின் நண்பர்கள்' என்ற சங்கத்தின் தொண்டர்கள் பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதிக்கிறார்கள், தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் கைகொடுக்கிறார்கள். அரென்பேர்க்கில் கல்லிடுக்குப் புல்லை மேய்வதற்கு ஆடுகளையும் விட்டிருக்கிறார்கள். வெற்றிபெற்றவருக்குக் கொடுக்கும் கோப்பையும் அதே கல் ஒன்றுதான். ஒரு வீதியைப் பழையபடி வைத்திருக்க இத்தனை பேர் மினக்கெடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அதில் போனால் குலுக்கல் பற்றிய முறைப்பாடு குறையும்.

கேள்வி: பறவை பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அந்தப் பக்கம் காடு, குளம் ஏதும் உண்டா?
– ராஜகிரிய வாசகர்

பதில்: உண்டு, நல்லதாகவே உண்டு. ஸ்கார்ப்–எஸ்கோ இயற்கைப் பூங்கா, 1968இல் தொடங்கியது, பிரான்ஸின் முதலாவது பிராந்திய இயற்கைப் பூங்கா. அரென்பேர்க் கல் வீதி ஓடுவதும் அதற்குள் இருக்கும் காட்டில்தான். வீதிக்குப் பக்கத்திலேயே 'மார் ஆ கொரியோ' என்று ஒரு நீர்நிலை. அடியில் சுரங்கம் வெட்டி வெட்டி நிலம் அமிழ்ந்து, நீர் தேங்கிக் குளமானது, இப்போது அது பாதுகாக்கப்பட்ட பறவைகளின் இடம். பெத்தகானவில் நீங்கள் பார்க்கும் முக்குளிப்பானின் உறவினரான கொண்டை முக்குளிப்பானை அங்கே தேடுங்கள். தொலைநோக்கி கட்டாயம் கொண்டு போங்கள், கல்லில் ஓடும்போது அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டாம், பைக்குள் சுற்றி வையுங்கள்.

கேள்வி: அம்மாவும் கூட வருகிறா. சைக்கிள் ஓடமாட்டா, அதிகம் நடக்கவும் ஏலாது. அவவுக்கு என்ன இருக்கிறது?
– தெஹிவளை வாசகி

பதில்: அதே உள்ளூர் ரயில் பாதையிலேயே போங்கள். ஓர்ஷி ஊரில் சிக்கரிக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. நம் வீட்டுக் கோப்பித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான், அங்கே அதை நெடுங்காலமாக வறுத்து வருகிறார்கள், கோப்பி குடிக்கிற அம்மா என்றால் பிடிக்கும். அடுத்து சேன்-அமானில் பழைய மடாலயத்தின் கோபுரம், கல்லில் அவ்வளவு வேலைப்பாடு, கீழே இருந்து பார்த்தாலே போதும். அரென்பேர்க் சுரங்க வளாகத்தின் இரும்புக் கோபுரங்களையும் பாருங்கள். 1989இல் மூடிய சுரங்கம், 2012இல் யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்த நிலக்கரிப் பிரதேசத்தில் அதுவும் சேர்ந்தது. நீங்கள் ரூபேயில் ஓடி முடிக்கும் நாளில் அம்மாவை 'லா பிசீன்' அருங்காட்சியகத்தில் விடலாம், 1930களின் நீச்சல் தடாகக் கட்டடத்தையே கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள், இருந்து இருந்து பார்க்க வசதி.

கேள்வி: பந்தயத்தையே நேரில் பார்க்க வேண்டுமானால் எப்போது போவது?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: வழக்கமாக ஏப்ரல் முற்பாதியில் ஒரு ஞாயிறு, அதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும், வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2021இலிருந்து பெண்களுக்கான பந்தயமும் நடக்கிறது. எல்லா இடத்துக்கும் ஓடித் திரியாமல் ஒரு கல் வீதியை மட்டும் தேர்ந்தெடுத்து நேரத்தோடு போய் நில்லுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள், ஏப்ரலில் போக வேண்டுமென்றால் ஜனவரியிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள்.