பழைய கார் டாஷ்போர்டில் எல்இடி: எந்த பல்பை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: என்னிடம் 1973 மாடல் கார் இருக்கிறது. டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக இருந்ததால் எல்லா பல்புகளையும் எல்இடியாக மாற்றினேன். வெளிச்சம் நன்றாக வருகிறது. ஆனால் இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் எரிகிற பச்சை விளக்கு, வலப்பக்கம் போட்டால் எரிவதில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகும் சிவப்பு சார்ஜ் லைட் அணைவதில்லை. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால்தான் அணைகிறது. மட்டமான பல்பு வாங்கிவிட்டேனா?

பதில்: பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய காரின் டாஷ்போர்டில் சில பல்புகள் வெளிச்சம் காட்டுவதோடு மின்சாரம் போகும் பாதையாகவும் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டில் கை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் சார்ஜ் லைட். இரண்டில் கவலைப்பட வேண்டியது இதுதான். எஞ்சின் சுற்றும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டர் மின்சாரம் தயாரிக்க வேண்டுமானால் அதன் ரோட்டரில், அதாவது சுழலும் பாகத்தில், காந்தம் உண்டாக வேண்டும். அதற்கு ஆரம்பத்தில் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போக வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது போகிற வழியே இந்த பல்புதான். 12 வோல்ட்டில் 2.2 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 180 மில்லி ஆம்பியரை விடும். சாதாரண எல்இடி விடுவது 20 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். ரோட்டரை எழுப்ப அது போதாது. ரோட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சசொச்ச காந்தத்தை வைத்து, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்கிறது. நீங்கள் மிதித்ததும் விளக்கு அணைவது அதனால்தான். மிதிக்காமல் ஐடிலிலேயே நிறுத்தி வைத்திருந்தால் அத்தனை நேரமும் பேட்டரிதான் கரைந்துகொண்டிருக்கும்.

என் ஆலோசனை, அந்த ஒரு இடத்தில் பழைய குண்டு பல்பையே திரும்பப் போடுங்கள். வாட் மாறக் கூடாது. இல்லை, எல்இடிதான் வேண்டும் என்றால் ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, பல்புக்கு இணையாக, 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். குண்டு பல்பு விட்ட அதே அளவு மின்சாரத்தை அது விடும். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது அதில் 2 வாட்டுக்கு மேல் சூடாகும் என்பதால் 5 வாட் தாங்குகிற ரெசிஸ்டராக வாங்கி, பிளாஸ்டிக்கிலும் வயரிலும் படாதபடி கட்டுங்கள். ஆல்டர்நேட்டர் இல்லாமல், அதற்கு முந்தைய வகை ஜெனரேட்டரான டைனமோ உள்ள இன்னும் பழைய காரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்குதான்.

அடுத்து இண்டிகேட்டர். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்கு உள்ள கார்கள் சிலவற்றில், அந்த பல்புக்குத் தனி எர்த் (காரின் உடலோடு சேரும் இணைப்பு) கிடையாது. அதன் ஒரு முனை இடப்பக்க வயரிலும் மறு முனை வலப்பக்க வயரிலும் இருக்கும். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் பல்பு வழியாக வந்து, அணைந்திருக்கும் வலப்பக்க பல்புகளின் இழை வழியே எர்த்துக்குப் போகும். வலப்பக்கம் போட்டால் அப்படியே எதிர்த்திசையில். குண்டு பல்புக்குத் திசை ஒரு பொருட்டில்லை. எல்இடி ஒரு திசையில்தான் எரியும். ஹோல்டரைப் பின்னாலிருந்து உருவிப் பாருங்கள். லூகாஸ் கம்பெனியின் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார் என்றால் சிவப்புக் கோடு போட்ட பச்சை வயர் இடது, வெள்ளைக் கோடு போட்ட பச்சை வயர் வலது. இரண்டும் ஒரே ஹோல்டரில் வந்து சேர்ந்து, கறுப்பு எர்த் வயரைக் காணோம் என்றால் விஷயம் இதுதான். இரு திசையிலும் எரியும் எல்இடி என்று கேட்டு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

ஆனால் நாளைக்கே வெளியே உள்ள 21 வாட் இண்டிகேட்டர் பல்புகளையும் எல்இடியாக மாற்ற நினைத்தால் கதை வேறு. எதிர்ப்பக்கத்து இழை வழியாக எர்த்துக்குப் போகும் அந்தப் பாதை போய்விடும். அப்போது இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகப் பச்சை விளக்குக்கு மின்சாரம் கொடுத்து, அதன் மறு முனையைத் தனியாக எர்த் செய்ய வேண்டும். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பழைய ஃபிளாஷரும் உதவாது. ஒரு பக்கத்து இரண்டு பல்புகள் இழுக்கிற 3.5 ஆம்பியர் சூட்டில்தான் அது வேலை செய்கிறது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட வேண்டிவரும்.

ஆயில் பிரஷர், ஹை பீம், மீட்டர்களுக்குள் இருக்கும் விளக்குகள் இவற்றை எல்இடியாக மாற்றுவதில் வம்பில்லை. சூடு குறைவதால் பிளாஸ்டிக் மூடிகள் பழுப்பேறாமல் தப்பிக்கும். நிறத்தை மட்டும் கவனியுங்கள். வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. சிவப்பு மூடிக்குப் பின்னால் வைத்தால் சோகை பிடித்த மாதிரி தெரியும். சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, பச்சைக்குப் பச்சை. மீட்டருக்குள் வைக்க மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையாக, நுனியில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஒளி விடுவதாக எடுங்கள். இல்லையென்றால் முள்ளின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் கிடக்கும். கேன்பஸ் என்று போட்டு விற்கிற பல்பு உங்களுக்கு வேண்டாம். புதுக் கார்களின் கம்ப்யூட்டரை ஏமாற்ற அதற்குள் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். பழைய காரில் அது வெறும் சூடு.

மாற்றிய பல்பு எரியவில்லை என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடிக் காலுள்ள டி10 வகையை உருவி, திருப்பிச் செருகினாலே எரியும். உலோகக் காலுள்ள பிஏ9எஸ் வகையைத் திருப்ப முடியாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் கார் என்றால் அதற்கென்றே செய்த பல்பு வேண்டும்.

இன்னொன்று, மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். பழைய டிம்மர் பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. எல்இடி இழுப்பதோ சொற்பம். குமிழைத் திருகினாலும் பெரிய மாற்றம் தெரியாது. இரவில் ஓட்டும்போது மீட்டர் வெளிச்சம் கண்ணைக் குத்தினால் எல்இடிக்கான டிம்மர் ஒன்றை அந்த இடத்தில் மாட்டலாம். கடையில் கிடைக்கிற மிகப் பிரகாசமான பல்பை வாங்காமல் இருப்பது அதைவிட மலிவு.