டாக்டராக ஆசைப்படும் கறுப்பின மாணவர்கள்: ஒரு தமிழ் மருத்துவர் எப்படிக் கைகொடுக்கலாம்?

கேள்வி: மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்து, இப்போது அட்லாண்டாவில் பொது மருத்துவராக இருக்கிறேன். டாக்டராக ஆசைப்படும் கறுப்பின மாணவர்கள் மூன்று பேருக்கு வழிகாட்ட முடியுமா என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். மூவரும் பதினொன்றாம் வகுப்பு. எனக்கும் ஆசைதான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள் டாக்டர். ஆனால் ஒருநாள் பேசிவிட்டு வருகிற வேலையாக நினைக்காதீர்கள். பிளஸ் டூ முடித்ததும் நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போனவர் நீங்கள். இவர்கள் முதலில் நான்கு வருடம் பட்டப்படிப்பு படிக்க வேண்டும், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. இந்த நீண்ட வழியில்தான் நல்ல பிள்ளைகள் பலர் விட்டுப்போகிறார்கள். ஐந்தாறு வருடம் கூட இருக்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

"நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம், உழைத்தால் முடியும்" என்ற பேச்சு வேண்டாம். நம்மவர்கள் பெருமளவில் இங்கே வர வழிவிட்டது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அது நிறைவேறியது. நம் டாக்டர்கள் பலர் வரும்போதே கையில் பட்டத்தோடு வந்தார்கள். கறுப்பின மக்களுக்கோ, மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910-இல் வந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. 1978-இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கறுப்பின ஆண்கள் 542 பேர். 2014-இல் 515 பேர். ஆசையோ உழைப்போ குறைந்ததால் வந்த கணக்கு இல்லை இது. நம் வீட்டுப் பிள்ளை டாக்டராக வேண்டும் என்றால் ஒரு போன் போதும், யாராவது ஓர் அங்கிள் கார்டியாலஜிஸ்டாக இருப்பார். இந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் போனைத்தான்.

முதல் வேலை, அவர்களை நோயாளிகள் இருக்கும் அறைக்குள் கொண்டுவருவது. பெரிய மருத்துவமனைகளில் வயது வரம்பு, தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, நோயாளியின் அந்தரங்கம் பற்றிய பயிற்சி என்று நிறைய நடைமுறை இருக்கும். அதை முடித்துக்கொடுக்க ஆள் இல்லாமலே பலருக்கு வாய்ப்பு நழுவிவிடுகிறது. உங்கள் கிளினிக்கில் இது சுலபம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஒரு சமயத்தில் ஒரு மாணவரை மட்டும் உட்கார வையுங்கள்.

நோயாளி போனதும் ஐந்து நிமிடம் பேசுங்கள். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்களேன். தோல் வழியே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருக்கும்போதும் அது சரியாக இருப்பதாகக் காட்டும் பிழை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வு காட்டியது. மாணவரின் விரலிலேயே மாட்டி இதைச் சொல்லுங்கள். மருத்துவத்தில் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்பது அவருக்கு அங்கேயே புரியும்.

அடுத்த கட்டம் கல்லூரி முதல் வருடம். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். கெமிஸ்ட்ரி முதல் தேர்வில் 'சி' வந்ததும், "இது நமக்கானது இல்லை" என்று சத்தமில்லாமல் வேறு துறைக்கு மாறிவிடுவார்கள். யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் மாணவர்களைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பின்தங்கியதற்கு ஆர்வமின்மை, குடும்பம் என்று எல்லோரும் சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. அவர்கள் கடுமையாகப் படித்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். கடினமான கணக்குகளைக் கூட்டாகப் போடும் வகுப்புகளை டிரைஸ்மன் தொடங்கியதும் மதிப்பெண் நன்றாக ஏறியது. நியூ ஆர்லியன்ஸில் உள்ள சேவியர் பல்கலைக்கழகம் சிறியதுதான். ஆனாலும் பல ஆண்டுகளாக ஏராளமான கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பி வருகிறது. அங்கேயும் குழுவாகப் படிப்பதற்குத்தான் அழுத்தம். அதனால் முதல் தேர்வு முடிந்த வாரம் நீங்களே கூப்பிடுங்கள். "எத்தனை மணி நேரம் படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். "யாரோடு படிக்கிறாய்?" என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால், ஒரு குழுவில் சேரும்வரை விடாதீர்கள்.

கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதத் தடையில்லை. பயந்துபோய் அதை அழிக்கச் சொல்லாதீர்கள்.

பண விஷயத்தில் ஒன்று முக்கியம். எம்கேட் கட்டணமே 300 டாலருக்கு மேல், விண்ணப்பச் செலவு தனி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி கட்டணச் சலுகை தருகிறது. தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே அதற்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும்; கட்டிய பணம் திரும்ப வராது.

கடைசியாக, நீங்கள் ஒருவர் மட்டும் போதாது. தங்களைப் போன்ற ஒருவர் வெள்ளைக் கோட்டில் நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும். மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கறுப்பின மருத்துவ மாணவர்கள் 1964-இல் தொடங்கிய எஸ்என்எம்ஏ சங்கம், மருத்துவத்துக்குத் தயாராகும் இளநிலை மாணவர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆசிரியைக்குப் பதில் எழுதும் முன், மோர்ஹவுஸில் படிக்கும் மாணவர் ஒருவரையும் உங்களோடு சேர்ந்து இதைச் செய்ய வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.